655.36

இரவு பத்தரைக்கு மேல்,
ஏற்காட்டு மலைச்சாலை விளக்குகள் சன்னலில் வளைந்து ஏற,
அஸ்தம்பட்டி வீட்டு மாடியில்
பழைய கம்பைலர்களைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன்.
எட்டு யந்திரங்கள். எல்லாம் ஒரு காலத்தில்
டி.வி.யில் சொருகி விளையாடியவை.
தரநூல் ஒரு வரி சொன்னால்
நான் ஒரு சோதனை எழுதுவேன்.
தேறியது, அல்லது தவறியது.
வேறு பேச்சு கிடையாது.

இதையெல்லாம் யாரம்மா கேட்டாங்க என்கிறான் மகன்.
யாரும் கேட்கவில்லை.

எட்டாவது யந்திரம்
சிவதாபுரம் பச்சியண்ணன் கொலுசுப் பட்டறையில் இருந்தது.
மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது.
எண்பத்தெட்டு. எனக்கு இருபத்திரண்டு.
ரப்பர் விசைகள்.
டேப் ரெக்கார்டர் ஏழு நிமிடம் கீச்சிட்டால்
கம்பைலர் ஏறும்;
ஆறாவது நிமிடம் கரண்ட் போகும்.

கையேட்டின் அட்டையில் முழுமையான சி மொழி என்று போட்டிருந்தது.
உள்ளே தசமம் இல்லை. லாங் இல்லை.
ஸ்ட்ரக்ட் உண்டு, ஒன்றை இன்னொன்றில் ஊற்ற முடியாது.
பிரின்ட்எஃப் தெரிந்ததை அச்சிடும்
தெரியாததை விழுங்கிவிடும்.
தட்டுவடை செட் கேட்டவனுக்கு
வெறும் தட்டுவடையை நீட்டி
செட் அடுத்த பதிப்பில் வரும் என்பதுபோல.

தசமம் இல்லாவிட்டால் என்ன?
கிராமை நூறால் பெருக்கி
குறியில்லா முழு எண்ணில் வைத்தேன்.
அச்சிடும்போது நடுவில் ஒரு புள்ளி.
அன்று என் நடையே வேறாக இருந்தது.

மாதையன் சைக்கிளில் வீடு வீடாகப் போய்
முடிந்த கொலுசுகளைச் சீட்டோடு வாங்கி வருவார்.
தராசில் வைப்பார். நான் தட்டுவேன்.
நாள் கணக்கு மாதக் கணக்கில் போய்ச் சேரும்.
மாதக் கணக்கில் கிலோவுக்குத் தனிப்பெட்டி கட்டியிருந்தேன்.
நாளுக்குக் கட்டவில்லை.
ஒருநாளில் நானூறு கிராமைத் தாண்டாதே என்று.

ஆடிக் கடைசியில் பச்சியண்ணன் வந்தார்.
"சீட்டுக் கணக்குக்கும் உன் கணக்குக்கும்
அறுநூத்தம்பது கிராம் சொச்சம் இடிக்குதே.
பொட்டி தப்பா சொல்லுமா பாப்பா?"

பெட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க என்றேன்.

பட்டறைச் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு
மாதையன் நடந்து போனார்.
சூரமங்கலம் பக்கம் சேகோ ஆலையில்
மூட்டை தைப்பதாக ஒருமுறை கேள்வி.
பிறகு அதுவும் இல்லை.

இன்று கேசட் உறையைத் திறந்தபோது
நாலாய் மடித்த அந்த ஆடி மாதச் சீட்டு விழுந்தது.
ஓரத்தில் பச்சியண்ணனின் பென்சில்:
குறைவு 655.36

புள்ளியை விரலால் மறைத்தேன்.

ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள்.
ஊரே கால் மாற்றிக்கொள்ளும் அவசரம்.
667.80 கொண்டுவந்திருக்கிறார்.
பெட்டி 12.44 என்று வாங்கிக்கொண்டது.
மற்ற நாளெல்லாம் ஒரு பொடி குறையவில்லை;
அதையும் அதே எண்தான் சொல்கிறது.
திருடியிருந்தால் இத்தனை சுத்தமாக இருக்காது.

லாங் இல்லாதது கம்பைலரின் குறை.
தவறியது என்று அன்றைக்கே போட்டிருக்கலாம்,
தரநூல் வர இன்னும் ஒரு வருடம் இருந்தது.
ஆனால் கூட்டலில் குறை இல்லை.
குறியில்லா எண்கள் ஒருபோதும் வழிவதில்லை,
உச்சம் தாண்டினால் பூஜ்யத்திலிருந்து தொடரும்:
தரநூலும் இதைத்தான் சொல்கிறது.
கையேட்டிலும் இருந்தது, பதினோராம் பக்கம்.
அடிக்கோடு என்னுடையது.

இருநூற்றுப் பதினைந்தாம் சோதனை எழுதினேன்.
கோப்பின் பெயர் மாதையன்.
ஏழு யந்திரங்களில் தேறியது.
எட்டாவதற்குக் கேசட்டைப் போட்டுவிட்டு
கீச்சொலிக்கு மகன் எழுந்துவிடாமல்
கதவைச் சாத்தினேன்.
இன்றைக்குப் பார்த்துக் கரண்ட் போகவில்லை.

தேறியது.